எங்க சொருவுறதுக்கு?

கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்தால் இடது கைப்பக்கம் மூன்றாவது கடை. இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். சில வருடங்களுக்கு முன்பு வரை அது எலக்ட்ரிக்கல் கடை. அந்தக் கடையில் இருந்த அக்காவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது எரிச்சல்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். நல்ல மனுஷி, தங்கமான மனசு என்றெல்லாம் ஆரம்பிக்க எனக்கு வராது. அப்படி ஆரம்பித்தால் அந்த அக்காவே நம்பமாட்டார்.

எந்தப் பொருளைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கமாட்டார். "எங்க சொருவுறதுக்கு?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டு எத்தனை பேருக்கு ரத்தம் கொதித்திருக்கும் என்று கணக்கே கிடையாது.

நான் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் மிக்சி ஒயரின் முனை உடைந்துபோனது. சுவரில் செருகுவோமே, அந்த மூன்று கால் உள்ள முனை. எங்கள் வீட்டில் அதற்குப் "பின்" என்று பெயர். மாமியார் வீட்டில் டாப்பு என்றார்கள். சுவரில் இருக்கும் ஓட்டைக்கு நாங்கள் சாக்கெட் என்போம். இங்கே அதைப் பிளக்கு என்றார்கள். புது மருமகளுக்குக் கற்றுக்கொள்ள வேண்டியது ஏராளம் இருந்தது. இதையெல்லாம் யார் கவனித்தார்கள்? எட்டு கிலோமீட்டர் மினி பஸ்ஸில் போய் அந்தக் கடையில் நின்றேன்.

"அக்கா, மூணு பின் பின்னு ஒண்ணு குடுங்க்கா."

"எங்க சொருவுறதுக்கு?"

"மிக்சிக்குங்க்கா."

"மிக்சி சரி. எங்க சொருவுறது?"

"சுவத்துலதானுங்க்கா. வேற எங்க சொருவுவாங்க?"

"செவுத்துல இருக்கிற ஓட்டை சின்னதா, பெருசா? மேல ஒத்த ஓட்டை இருக்குமுல்ல, அதுல சுண்டுவெரலு போகுமா, போகாதா?"

"யாராவது அதுல விரல விட்டுப் பாப்பாங்களாக்கா?"

"பாக்கலைல்ல? அப்ப நான் எப்படிக் குடுக்கிறது? பழசக் கழட்டிக்கிட்டு வாங்க."

சண்டை போடக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு நிதானமாகச் சொல்லிவிட்டு, கொண்டையில் செருகியிருந்த டெஸ்டரை எடுத்து எதையோ திருக ஆரம்பித்துவிட்டார். மறுநாள் உடைந்த முனையைக் கழற்றி, முந்தானையில் முடிந்து எடுத்துக்கொண்டு போனேன். வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். அப்புறம் முதல் தட்டிலேயே, கைக்கு எட்டுகிற இடத்திலேயே இருந்த ஒன்றை எடுத்து வைத்தார். கடையில் அதிகம் விற்கிற சாதாரணச் சரக்கு.

"இதத்தானுங்க்கா நேத்தே கேட்டேன்?"

"நேத்து நீங்க பின்னுன்னு கேட்டீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க்கா."

"ஒண்ணுதான். இப்பப் பாத்துட்டேன்ல, இப்பத் தெரியுது."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரி என்னவென்று கேட்டாள். கடையின் பெயரைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள், "எங்க சொருவுறதுக்குன்னு கேட்டுச்சா?" என்று சிரித்தாள். அன்றைக்குத்தான் தெரிந்தது, நான் மட்டும் மாட்டவில்லை என்று.

இந்த ஒரு விஷயத்தில் எல்லாரும் அங்கே சமம். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவர் டிப்டாப்பாக நின்று "அடாப்டர்" கேட்பார். அவர் மனசில் இருந்தது ஒரு ஓட்டையில் செருகி மூன்று ஓட்டையாக்கும் சாமான். அதையே மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த கொத்தனார் "டி" என்பார். மின்சாரத்தை நீட்டிக் கொண்டுபோகும் பலகை இருக்கிறதே, அதை ஒருத்தர் ஜங்ஷன் பாக்ஸ் என்பார், ஒருத்தர் எக்ஸ்டென்ஷன் என்பார், எங்கள் மாமியார் "ஒயருப் பொட்டி" என்பார். இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் ஒரு அண்ணன் சுவர் ஓட்டைக்கு "பிளக் பேஸ்" என்று கேட்பார். அந்த அக்கா யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை, 'அதுக்குப் பேரு அது இல்லைங்க' என்று திருத்தியதும் இல்லை. பேரைக் கேட்டுக்கொள்வார், தலையாட்டுவார், எங்கே செருகுவதற்கு என்று கேட்பார், திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒருமுறை நானே கேட்டுவிட்டேன். "ஏனுங்க்கா, இத்தன வருசமா கடை வச்சிருக்கீங்க. எந்த ஊருக்காரங்க எதை என்னன்னு சொல்லுவாங்கன்னு இந்நேரம் அத்துப்படி ஆயிருக்குமே?"

"ஆயிருச்சுதான்."

"அப்பறம் என்னங்க்கா?"

"அவுகளுக்கு ஆகலையே. வீட்டுல என்ன மாட்டியிருக்குன்னு அவுகளுக்கே தெரியாது. வாயில வந்த பேரைச் சொல்றாக. நான் குடுத்துட்டா, நான் குடுத்ததுதானே?"

இதைப் பெரிய ஞானம் என்று நினைத்துவிட வேண்டாம். கடை அந்த அக்காவின் புருஷன் வைத்தது. அவர் ஒயர்மேன். மலேசியாவுக்குப் போனவர், கடையைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கொஞ்ச நாள் வருடக்கணக்காகிவிட்டது. சாவியைக் கையில் வாங்கிய அன்றைக்கு அக்காவுக்கு பல்பைத் தவிர ஒன்றின் பெயரும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் கடை நடக்குமா? அதனால் கண்டுபிடித்த தந்திரம்தான் "பழசக் கழட்டிக்கிட்டு வாங்க." வந்த பழசைப் பார்த்து, அதே மாதிரி இருப்பதைத் தட்டில் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார். தெரியாமல் ஆரம்பித்தது, தெரிந்த பிறகு சட்டமாகிவிட்டது. இதை அவரே ஒருநாள் சொன்னார், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

கையில் நல்ல டச் போன் வைத்திருந்தார். போட்டோ அனுப்பினால் பார்க்கவே மாட்டார். "படத்துல மொத்தம் தெரியாது, எம்புட்டுத் தடிமன்னு. சின்ன டாப்பும் பெரிய டாப்பும் படத்துல அண்ணந்தம்பி மாதிரிதான் இருக்கும்" என்பார். அதில் உண்மை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஆட்கள் செய்கிற வேலை அப்படி. பெரிய டாப்பு சின்ன ஓட்டைக்குள் போகவில்லையென்றால் அரத்தை எடுத்து மூன்று காலையும் ராவிவிடுவார்கள். டாப்பே இல்லையென்றால் ஒயரின் நுனியைச் சீவி, நேராக ஓட்டைக்குள் விட்டு, ஆடாமல் இருக்கத் தீக்குச்சி வைத்து அடைப்பார்கள். ஒருநாள் ஒருத்தர் அயர்ன் பாக்ஸுக்கு என்று சொல்லிச் சின்ன டாப்பு கேட்டார். கேள்வி மேல் கேள்வி கேட்டதில், அது கிணற்று மோட்டாருக்கு என்று வெளியே வந்தது. மோட்டார் இழுக்கிற கரண்டைச் சின்ன டாப்பு தாங்காது, எரிந்துவிடும். "மோட்டாருன்னு சொன்னா பெருசக் குடுப்பீக, அது எங்க வீட்டு ஓட்டையில போகாது" என்றார் அவர். அவரை அக்கா மூன்று தடவை நடக்கவிட்டார். கடைசித் தடவை அவர் விட்ட வார்த்தைகளை எழுத முடியாது. அக்கா காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

இப்படி மோட்டார்க்காரரை நடக்கவிட்டது சரி. என்னை நடக்கவிட்ட ஒருநாளை மட்டும் என்னால் சரியென்று சொல்ல முடியாது.

வீட்டில் நான் முட்டை பொரிக்கும் மெஷின் வைத்திருந்தேன். கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி, உள்ளே தட்டு, விசிறி, சூடு காட்டும் மீட்டர். ஊரில் நாட்டுக்கோழி வளர்க்கிற பெண்கள் முட்டையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், இருபத்தோரு நாளில் குஞ்சாக வாங்கிப் போவார்கள். யாருடையது என்று தெரிய ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் முதலெழுத்தை எழுதிவைப்பேன். ராக்கம்மாவுக்கு ரா, செல்விக்குச் செ. வெளியூரிலிருந்து வந்தவள் என்று என்னிடம் அதுவரை ஒட்டாமல் இருந்த பெண்கள், அந்த மெஷின் வந்த பிறகுதான் வாசலைத் தாண்டி உள்ளே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். எனக்கு அந்த மெஷின் என்றால் அதுதான்.

ஐப்பசி மாதம், விடாத மழை. பன்னிரண்டு வீட்டு முட்டை, நூற்று எண்பது, உள்ளே இருக்கிறது. பதினைந்தாவது நாள். காலை ஒன்பது மணிக்குத் தீய்ந்த வாடை வந்தது. மெஷினின் முதுகில் செருகுகிற ஒயர் முனை கருகி உருகியிருந்தது. விசிறி நின்றுவிட்டது. முப்பத்தேழிலிருந்து மீட்டர் இறங்க ஆரம்பித்தது.

அந்த ஒயரை நான் சிஸ்டம் ஒயர் என்பேன். கம்ப்யூட்டருக்குப் பின்னால் மாட்டுவதும் அதுதான். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, மழைக்கு லீவு விட்டுப் பூட்டியிருந்தார்கள். செல்வி தன் வீட்டு ரைஸ் குக்கர் ஒயரைக் கொண்டுவந்தாள், அது நுழையவில்லை. என் வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு பட்டுக்கோட்டை போயிருந்தார். கடைக்குப் போன் போட்டேன். எங்கள் பக்கம் ஒரு வசதி உண்டு. கடைக்காரரிடம் சொன்னால் மினி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். ஊர் நிறுத்தத்தில் நின்று வாங்கிக்கொள்ளலாம். மருந்து, செருப்பு, தைத்த ஜாக்கெட் எல்லாம் அப்படி வரும்.

"அக்கா, மெசினுக்குப் பின்னால மாட்டுற ஒயரு எரிஞ்சுபோச்சுங்க்கா. சிஸ்டம் ஒயரு. அடுத்த பஸ்ஸுல குடுத்துவிடுங்க்கா, முட்டையெல்லாம் உள்ள இருக்குது."

"எங்க சொருவுறது?"

"சொன்னேனுங்களே, மெசினு முதுகுல. மூணு ஓட்டை இருக்கும், தட்டையா இருக்கும்."

"ஓரமா ஒரு காடி வெட்டியிருக்கா, இல்ல வழவழன்னு இருக்கா?"

"உருகிப்போச்சுங்க்கா. உருகினதுல காடி எங்கங்க்கா தெரியும்? போட்டோ அனுப்புறேன், பாருங்க."

"படத்துல தெரியாது. எடுத்துக்கிட்டு வாங்க, பாத்துட்டுத் தாரேன்."

"அக்கா, முட்டை ஆறுதுங்க்கா. நான் வந்துட்டுப் போறதுக்குள்ள எல்லாம் போயிரும். தப்பா இருந்தாலும் பரவால்ல, குடுத்துவிடுங்க."

"தப்பா இருந்தா எப்படிப் பரவாயில்ல? அதுவும் எரியும். வாங்க."

வைத்துவிட்டார். இரண்டாவது தடவை அடித்தேன், எடுக்கவில்லை. வியாபாரம் நடந்துகொண்டிருந்திருக்கும், இல்லை, எடுத்தால் கெஞ்சுவேன் என்று தெரிந்திருக்கும். வீட்டிலிருந்த போர்வை எல்லாவற்றையும் மெஷின்மேல் போட்டு மூடினேன். இரண்டு சட்டியில் சுடுதண்ணீர் வைத்து உள்ளே தள்ளினேன். மாமியாரைக் காவல் வைத்துவிட்டு நிறுத்தத்துக்கு ஓடினால் பத்து மணி பஸ் போய்விட்டது. அடுத்தது பதினொன்றரைக்கு. அது மழையில் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது.

கருகிய முனையை மேசைமேல் போட்டேன். எடுத்தார், உள்ளங்கையில் வைத்தார், மோந்து பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கையை மேசைக்குக் கீழே விட்டு ஒரு ஒயரை எடுத்து வைத்தார். பாலிதீன் பையில் போட்டு, மழையில் நனையாமல் ரப்பர் பேண்டு சுற்றியிருந்தது. நான் போனில் சொன்ன அதே ஒயர்.

"எப்ப எடுத்து வச்சீங்க்கா இத?"

"நீங்க போன் பண்ணயிலயே எடுத்துட்டேன்."

"அப்ப இதுதான்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். பாத்துட்டுக் குடுக்கலாமுன்னுதான்."

காசை வைத்துவிட்டு ஒயரை எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் பார்க்க நின்று அழுதேன். வீடு வந்து ஒயரை மாட்டும்போது இரண்டு மணி ஆகியிருந்தது. விசிறி உடனே சுற்றியது.

இருபத்தோராம் நாள் குஞ்சு வந்தது. வழக்கமாக நூற்று நாற்பதுக்குக் குறையாது. அன்றைக்கு அறுபத்து மூன்று. நான் பக்கத்தில் ஒட்டிவைத்த சுடுதண்ணீர்ச் சட்டியே பாதியை வேகவைத்துவிட்டதோ என்னவோ. அதை இன்றைக்கு யோசிக்கிறேன், அன்றைக்கு யோசிக்கவில்லை. பன்னிரண்டு வீட்டுக்கும் நானே கூடையில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். யாரும் திட்டவில்லை. ராக்கம்மா மட்டும் தன் பங்குக் குஞ்சுகளைக் குனிந்து பார்த்துவிட்டு, "நான் பாட்டுக்குக் கோழியையே அடை வச்சிருப்பேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த மாதம் ஒருத்தியும் முட்டை கொண்டுவரவில்லை. வாசல் பக்கமும் வரவில்லை.

பொரியாத முட்டையில் இருபதைக் கூடையில் அடுக்கினேன். நேராகக் கடைக்குப் போனேன். ஆள் நிறைய இருந்த நேரம். கூடையை மேசைமேல் தூக்கி வைத்தேன்.

"பழசக் கழட்டிக்கிட்டு வந்திருக்கேனுங்க்கா. மோந்து பாருங்க."

கடையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் விடவில்லை. உங்கள் வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், நீங்கள் பாட்டுக்குக் கடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், நான் இந்த ஊரில் தலைகாட்ட வேண்டாமா, கேட்டதை எடுத்துக் கொடுத்தால் கை தேய்ந்துவிடுமா என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். கடைசியில், "உங்களுக்கு என்ன தெரியும், எல்லாத்தையும் மோந்து பாத்துக்கிட்டு. தெரியாததை மறைக்கிறதுக்கு ஒரு கேள்வி" என்றேன். அவர் என்னிடம் நம்பிச் சொன்ன விஷயத்தைப் பத்துப் பேர் முன்னால் எடுத்து அவர்மேலேயே எறிந்தேன்.

அந்த அக்கா ஒரு முட்டையை எடுத்தார். மோந்து பார்க்கவில்லை. திருப்பி, எழுத்தைப் படித்தார். "செ. இது யாருது?"

"செல்வியுது."

இன்னொன்றை எடுத்தார். "இது?"

"ராக்கம்மாளுது."

இருபதையும் எடுத்து எடுத்துக் கேட்டார். நானும் பைத்தியம் மாதிரி ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டு நின்றேன். மன்னிப்பு, வருத்தம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. கடைசி முட்டையைக் கூடையில் வைத்துவிட்டு, "பக்கத்துல ஒரு தீப்பெட்டிய வச்சுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கலாம். மொத்தம் தெரிஞ்சிருக்கும்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அந்த அக்கா கேட்பதை நிறுத்திவிட்டார். முதலில் எனக்குத் தெரியாது. நான் போகவே இல்லையே. மற்றவர்கள் சொன்னார்கள், இப்பெல்லாம் கேட்டவுடனே எடுத்துக் கொடுத்துவிடுகிறார், நல்ல முன்னேற்றம் என்று. டாப்பு என்றால் டாப்பு, அடாப்டர் என்றால் அடாப்டர். கேட்கும்போது எனக்கு ஒரு நிறைவு இருந்தது, பொய் சொல்வானேன். ஊரையே திருத்திவிட்ட மாதிரி இருந்தது.

தை மாதம் செல்வி வீட்டில் வெந்நீர் போடும் ஹீட்டருக்குப் புது டாப்பு மாட்டினார்கள். மூன்றாம் நாள் அது சுவரோடு சேர்ந்து இளகிப்போய், பிடுங்கப் போன செல்வியின் இரண்டு விரல் வெந்துபோனது. பார்க்கப் போனேன். கிழங்கு மாதிரிக் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சின்ன டாப்ப எதுக்குடி ஹீட்டருக்கு மாட்டுன?"

"எனக்கு என்ன தெரியும்? டாப்புன்னு கேட்டேன், குடுத்துச்சு. அந்தக்கா ஒண்ணுமே கேக்கலையே."

யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் மாதிரி ஒரு தொல்லை கிடையாது. அந்த அக்கா ஏன் கேட்கவில்லை என்று எரிச்சல்பட்டேன். கேட்கவிடாமல் செய்தது யார் என்று நினைத்து இன்னும் எரிச்சல்பட்டேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். ஒன்றும் வாங்குவதற்கு இல்லை. அந்த அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், கொண்டையில் டெஸ்டர் இல்லை. "வாங்க" என்றார். எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள். ஹீட்டர் ஒயருக்கு ஒரு டாப்பு வேண்டும், குழந்தைக்கு வெந்நீர் வைக்கிறதுக்கு, சின்னதா இருந்தா போதும் என்றாள். அக்கா முதல் தட்டிலிருந்து சின்ன டாப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

அந்தப் பெண் கை நீட்டுவதற்குள் நான் கேட்டுவிட்டேன்.

"எங்க சொருவுறதுக்கு?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "செவுத்துலதாங்க."

"செவுத்துல ஓட்டை சின்னதா, பெருசா?"

"அதெல்லாம் தெரியாதுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு, விடுங்க."

"பழசக் கழட்டிக்கிட்டு வாம்மா. பாக்காம வாங்காத."

"நீங்களா கடைக்காரவுக? அக்கா, நீங்க குடுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். மேசைமேல் இருந்த டாப்பைப் பார்த்தார். மெதுவாக அதை எடுத்து மறுபடியும் தட்டிலேயே வைத்தார். "அவுக சொல்ற மாதிரி கழட்டிக்கிட்டு வாங்கத்தா. புள்ளைக்கு வெந்நி வைக்கிறதுங்குறீங்க" என்றார். அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே போனாள். எந்தெந்த வார்த்தை என்று எனக்கு நன்றாகத் தெரியும். முன்பு ஒருநாள் நானும் அதையேதான் திட்டிக்கொண்டு போனேன்.

நாங்கள் அதைப்பற்றி அப்போதும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. நான் கூடையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டு அதை அடைத்துவிட்டார்.

பங்குனியில் செல்விதான் முதலில் முட்டை கொண்டுவந்தாள், கட்டுப் பிரித்த கையால். பிறகு இரண்டு பேர் வந்தார்கள். ராக்கம்மா கடைசியாக, பத்து முட்டையை மட்டும் கொண்டுவந்து, "சும்மா பாப்போமுன்னு" என்றாள். எழுபது முட்டையை அடுக்கிக் கதவை மூடினேன். பதினோராம் நாள் மெஷினின் முதுகில் கை வைத்தால் ஒயர் முனை சுட்டது. போன தடவை எரிவதற்கு முன்பும் இப்படிச் சுட்டிருக்குமோ, நான்தான் தொட்டுப் பார்க்கவில்லையோ. போனை எடுத்தேன்.

"அக்கா, அதே ஒயருங்க்கா. போன தடவ குடுத்தீங்களே, அதுவே. இன்னும் எரியல, சுடுது. ஒண்ணு பஸ்ஸுல குடுத்துவிடுங்க."

"எங்க சொருவுறது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எங்கன்னு உங்களுக்குத் தெரியாதாக்கா? நீங்க குடுத்த ஒயருங்க்கா. நீங்க மோந்து பாத்துக் குடுத்த ஒயரு."

"உள்ள முட்டை இருக்கா?"

"இருக்குது."

"அப்பக் கழட்டாதீங்க."

"கழட்டாம எப்படிங்க்கா பழசக் கொண்டுவர்றது?"

"கழட்டாதீங்கன்னா கழட்டாதீங்க. நான் வாரேன்."

கடையைச் சாத்திவிட்டு ஒருத்தர் வீட்டுக்கு அந்த அக்கா வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பதினொன்றரை பஸ்ஸில் இறங்கி, வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்துவந்தார். கொண்டையில் டெஸ்டர் இருந்தது. தண்ணீர் கொடுத்தேன், "அப்பறம்" என்றார். மெஷினுக்குப் பின்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். ஒயரைக் கழற்றாமலே அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார். முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். எழுந்து முன்பக்கம் வந்து, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "ரா வந்திருக்கு" என்றார்.

"வந்திருக்குங்க்கா. பத்து."

மறுபடியும் பின்னால் போய் உட்கார்ந்தார். "நீங்க சொன்னதுதான். அதே ஒயருதான்" என்றார்.

"அதத்தானுங்க்கா போன்ல சொன்னேன். இப்ப இதுக்கு நான் மறுபடியும் உங்ககூட கடை வரைக்கும் வரணும். போறது, வர்றதுன்னு ரெண்டு மணி நேரம் ஆயிரும்."

அந்த அக்கா இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார். பாலிதீன் பையில் போட்டு ரப்பர் பேண்டு சுற்றிய ஒயர் ஒன்றை எடுத்தார். பழசை உருவி, புதுசைச் செருகினார். விசிறி நின்றதுகூடத் தெரியவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு கிலோமீட்டர் அதை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். அடுப்படிக்குப் போய், பாத்திரத்தை டமாரென்று வைத்து, அந்த அக்காவுக்குக் காபி போட்டேன்.